இருபத்து மூன்றாம் நம்பர் கவுன்

புதுக் கவுனை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்ற கெசீனாவின் இடது இடுப்பில் ஒரு முழத் துணி கூடுதலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் திரும்பினாள், அது பின்னாலேயே வந்தது. இடப்பக்கம் திரும்பினாள், அது முன்னால் போய் மேஜைமேல் இருந்த குண்டூசிப் பெட்டியைத் தட்டிவிட்டது. வலது இடுப்பில் அப்படி எந்தக் குறும்பும் இல்லை. அங்கே எல்லாம் பத்திரிகைப் படத்தில் இருந்தபடியே கச்சிதமாக இருந்தது.

அன்று திங்கட்கிழமை. சனிக்கிழமை அவளுடைய நாத்தனார் இம்கேவுக்கு இருபத்தைந்தாவது கல்யாண நாள். நார்டன் ஊர் விடுதியில் எண்பது பேருக்கு விருந்து, வாத்தியம், நடனம். அந்த எண்பது பேரில் எழுபத்தொன்பது பேரைப் பற்றி கெசீனாவுக்கு ஒரு கவலையும் இல்லை. மிச்சம் இருந்த ஒருத்தி ஆல்முத்.

ஆல்முத் அவளுடைய ஓரகத்தி. கணவனின் அண்ணன் மனைவி. எம்டனில் குடியிருப்பவள். அவள் கணவர் கப்பலில் என்ஜினியர், ஹாம்பர்க் துறைமுகத்துக்கு அடிக்கடி போய்வருகிறவர். அதனால் ஆல்முத்தின் உடுப்பெல்லாம் ஹாம்பர்க் கடையில் வாங்கியதுதான் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத யாரையும் ஆல்முத் விட்டுவைக்கவில்லை.

கெசீனா இந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், சாவு ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் ஆல்முத் அவள் உடையை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்ப்பாள். பிறகு, "நீயே தைச்சதா?" என்பாள். அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தையில் தேன் இருக்கும். தேனுக்குள் தேனீயும் இருக்கும்.

உள்ளதைச் சொன்னால், ஆல்முத் கேட்டதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. கெசீனா நன்றாகத் தைப்பாள். அவள் அடித்த தையலை இழுத்துப் பிரிப்பதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஆனால் அவளிடம் இருந்தது ஒரே ஒரு பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான காகித அச்சு. கல்யாணத்துக்கு முன்பு கடையில் உறையோடு வாங்கியது. முட்டிக்குக் கீழே இறங்கும் நேர் கவுன், இரண்டு பை, முதுகில் ஜிப். பன்னிரண்டு வருஷமாக அதையே பச்சையில், நீலத்தில், துக்க வீட்டுக்குக் கறுப்பில் என்று தைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். உறை கிழிந்து இரண்டு தடவை ஒட்டுப் போட்டாகிவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன்பு ஆல்முத் போன் செய்தாள். விருந்துக்கு யார் என்ன கேக் கொண்டுவருவது என்று பேசி முடித்துவிட்டு, போனை வைக்கப் போகும் நேரத்தில் கேட்டாள்: "இந்தத் தடவையும் கவுன் நீயேதான் தைக்கிறியா?"

கவுன் பிறப்பதற்கு முன்பே கேள்வி வந்துவிட்டது. கெசீனாவுக்குச் சுருக்கென்றது. வாய் முந்திக்கொண்டது.

"இல்லக்கா. ப்ரேமன்ல வாங்குறேன்."

 "ஓ, அப்படியா, நல்லது" என்று ஆல்முத் போனை வைத்துவிட்டாள். கெசீனா அன்று முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் துலக்கினாள்.

பொய் சொல்லிவிட்டோமே, அதை உண்மையாக்கிவிடுவோம் என்று அவள் ஒரு நாள் ரயில் ஏறி ப்ரேமனுக்குப் போகவும் செய்தாள். நாலு கவுன் போட்டுப் பார்த்தாள். நாலையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். அங்கேதான் கெட்டது. ஒன்றில் ஓரம் பிரிந்து நூல் தொங்கியது. இன்னொன்றில் ஜிப் கோணல். கடைக்காரப் பெண் சிரித்த முகத்தோடு நின்றிருக்க, கெசீனாவுக்குக் கை வரவில்லை. இதைக் காசு கொடுத்து வாங்குவதைவிட, இப்படி வாங்கியது மாதிரி தெரிகிற ஒன்றைத் தானே தைத்துவிடலாம் என்று தீர்மானித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். தன் கைவேலை மேல் கர்வம் உள்ளவர்களுக்குப் பொய்கூட ஒழுங்காகச் சொல்ல வராது.

நார்டனில் மணிக்கூண்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் டியாடென் அம்மாவின் கடை. துணி, நூல், பட்டன், லேஸ் எல்லாம் கிடைக்கும். தையல் பத்திரிகைகளும் வரும். தெரிந்த வாடிக்கையாளர்களுக்கு டியாடென் அம்மா அவற்றை ஒரு வாரம் இரவல் தருவாள். கெசீனா நூலும் பட்டனும் வாங்கப் போவதோடு சரி, பத்திரிகை கேட்டுப் போனது அதுதான் முதல் தடவை.

"புதுசா வந்த இதழ் இருக்குங்களா? கடையில வாங்கின மாதிரி இருக்கணும்."

டியாடென் அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். அது இல்லாவிட்டால் அவளுக்கு எதிரில் இருப்பது ஆளா அலமாரியா என்று தெரியாது. "நல்ல நேரத்துல வந்தீங்க. வெளியில போயிருந்துச்சு, நேத்துத்தான் திரும்பி வந்துச்சு. இருபத்து மூணாம் நம்பரைப் பாருங்க. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க."

இருபத்து மூன்றாம் நம்பர் சுற்றிக் கட்டுகிற கவுன். முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து, மேலே வரும் பாகம் இடது இடுப்பில் முடிச்சாக நிற்கும். படத்தில் இருந்த பெண் தன் இடுப்பில் கை வைத்து யாரையோ ஜெயித்துவிட்டவள்போல் பார்த்துக்கொண்டிருந்தாள். கெசீனாவுக்கு அந்தப் பார்வை மிகவும் பிடித்திருந்தது. கடல்பச்சை நிறத்தில் ஒரு துணி இருந்தது. சுருளில் மிச்சம் இருந்ததே கவுனுக்குச் சரியாகத்தான் இருந்தது. அதையும் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பத்திரிகையின் நடுவில் இருந்த பெரிய மாதிரித் தாளைப் பிரித்தபோதுதான் அவளுக்கு மலைப்பாக இருந்தது. உறையில் வரும் பேட்டர்னில் ஒரு உடுப்புதான் இருக்கும். இந்தத் தாளிலோ ஒரே பக்கத்தில் பதினைந்து உடுப்பின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. புள்ளிக் கோடு, வெட்டுக் கோடு, இரட்டைக் கோடு, நீலம், பச்சை, கறுப்பு. நமக்கு வேண்டிய கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு, மெல்லிய தாளில் நகல் எடுத்து, சுற்றிலும் தையலுக்கு இடம் விட்டு வெட்ட வேண்டும்.

அவள் கணவன் ரெம்மர் எட்டிப் பார்த்தான். அவன் எம்டனுக்கும் நார்டனுக்கும் நடுவில் பஸ் ஓட்டுகிறவன். "இது எந்த ஊர் ரூட்டு? இதுல போனா ஹனோவர் போய்ச் சேர்ந்துடலாம் போலிருக்கே."

"நீங்க உங்க பஸ்ஸைப் பாருங்க."

"பஸ்ஸுன்னதும் ஞாபகம் வருது, ஆல்முத் அண்ணி நேத்து எம்டன்ல ஏறினாங்க. நார்டன்ல பல் டாக்டர்கிட்டப் போறாங்களாம். பாவம், மாசம் தவறாம வர்றாங்க, அந்தப் பல்லு சரியாகவே மாட்டேங்குது."

கெசீனா அதைக் காதில் வாங்கவில்லை. தாளில் ஒரு நல்ல சமாசாரத்தை அவள் பார்த்துவிட்டாள். இருபத்து மூன்றாம் நம்பரின் கோடுகள் மேல் யாரோ சிவப்புப் பென்சிலால் அழுத்தமாக வரைந்திருந்தார்கள். அந்தக் காட்டுக்குள் சிவப்புக் கோடு மட்டும் ராஜபாட்டையாகத் தெரிந்தது. டியாடென் அம்மாதான் தனக்காகக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறாள் என்று கெசீனா நினைத்துக்கொண்டாள். இந்தக் காலத்திலும் இப்படிப்பட்ட மனுஷி இருக்கிறாளே என்று மனம் உருகி, கோட்டு எண்ணைச் சரிபார்க்காமல் சிவப்பைப் பிடித்துக்கொண்டு, கோட்டைப் புள்ளியாகக் குத்திப் பதிக்கும் பல் சக்கரத்தை ஓட்டினாள். நகல் எடுத்தாள், வெட்டினாள், தைத்தாள். மேலே சுற்றி வரும் பாகத்தின் ஓரம் எதோடும் சேராமல் தனியாகத் தொங்குவது. அதனால் கடைசித் தையல்வரை எந்த வில்லங்கமும் தெரியவில்லை.

திங்கட்கிழமை கண்ணாடி முன் நின்றபோதுதான் தெரிந்தது.

அவள் கவுனைக் கழற்றாமலே பூதக்கண்ணாடியை எடுத்துவந்து தாளின் மேல் குனிந்தாள். சிவப்புப் பென்சில் கழுத்திலிருந்து இடுப்புவரை இருபத்து மூன்றாம் நம்பரோடு ஒழுங்காக வந்தது. இடுப்பில் இன்னொரு கோடு குறுக்கே வந்ததும், அதோடு சேர்ந்து தடம் மாறிப் போய்விட்டது. அது அறுபத்தொன்றாம் நம்பர். கெசீனா பத்திரிகையைப் புரட்டினாள். அறுபத்தொன்றாம் நம்பர், பருத்த உடம்புள்ள ஆண்கள் வீட்டில் போட்டுக்கொள்ளும் அங்கி.

குண்டு மனிதரின் வயிற்றுக்காக அந்தக் கோடு இடுப்பில் ஒரு முழம் வெளியே போய், கீழே சட்டென்று உள்ளே வளைந்திருந்தது. கூடுதலாக இருப்பதை வெட்டி எறியலாம் என்று குண்டூசி குத்திப் பார்த்தாள். அதை எடுத்துவிட்டால், கீழே உள்வளைந்த இடத்தில் துணி போதாதது தெரிந்துபோனது. தொடைவரை காற்று வாங்கியது. அந்தத் தொங்கலை வைத்துத்தான் அந்த இடைவெளியை மறைத்தாக வேண்டும். புதுத் துணி வெட்டலாம் என்றால் கடல்பச்சை தீர்ந்துவிட்டது.

பழைய ஏழெட்டுக் கவுனில் ஒன்றைப் போட்டுக்கொண்டு போய்விடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. சாப்பிட வந்த ரெம்மரிடம் மெல்ல ஆரம்பித்தாள். அவன் சந்தோஷமாக ஒரு செய்தி சொன்னான்.

"பஸ்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன், என் பொண்டாட்டி ப்ரேமன்ல கவுன் வாங்கியிருக்கான்னு. இம்கே அக்காகிட்டயும் சொல்லிட்டேன். சனிக்கிழமை எல்லாரும் அதைத்தான் பாக்கப் போறாங்க."

கெசீனா அவன் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கு வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை அவள் அந்தத் தொங்கலை ஏழு மடிப்பாக மடித்து இஸ்திரி போட்டாள். நின்றால் அழகாகத்தான் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். ஏழு மடிப்பும் ஒரே நேரத்தில் படீரென்று விரிந்தன. சூடு அதிகமாகிப் போனதால் துணியில் ஒரு கையகலம் பளபளவென்று மினுங்கவும் ஆரம்பித்துவிட்டது.

புதன்கிழமை தொங்கலை உள்பக்கம் மடித்து, கையாலேயே நெருக்கமாகத் தைத்தாள். இப்போது இடுப்பு வீங்கிவிட்டது. ரெம்மர் சுற்றிவந்து பார்த்தான்.

"உள்ள ரொட்டி ஏதாவது வெச்சிருக்கியா?"

அதைப் பிரித்தாள். அவள் தையல் சும்மா பிரியுமா? பிரித்த இடத்தில் ஊசி போன துளையெல்லாம் வரிசையாகத் தெரிந்தது. மினுக்கலுக்குப் பக்கத்தில் இப்போது துளையும் சேர்ந்துவிட்டது.

வியாழக்கிழமை இன்னொரு யோசனை உதித்தது. பழைய வெள்ளைத் திரைச்சீலை ஒன்று இருந்தது. அதற்குப் பச்சைச் சாயம் போட்டு, கீழே குறைகிற இடத்தில் ஒட்டுக் கொடுத்துவிட்டால் தொங்கலை வெட்டிவிடலாம். துவைக்கும் மெஷினில் சாயத்தைக் கரைத்தாள். திரைச்சீலை பட்டாணி சூப் நிறத்தில் வெளியே வந்தது. கடல்பச்சைக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. மெஷினை அலசாமல் அடுத்ததாக ரெம்மரின் யூனிபார்ம் சட்டைகளைப் போட்டாள். வெள்ளிக்கிழமை எம்டன் பஸ்ஸைப் பட்டாணி சூப் சட்டை போட்ட டிரைவர் ஓட்டினார். கம்பெனி ஏதாவது மாற்றம் கொண்டுவந்திருக்கிறதா என்று நாலு பேர் விசாரித்தார்கள். ஆமாம், வசந்தகாலம்வரை இதுதான் என்று ரெம்மர் சொல்லிவிட்டான். அவனோடு பன்னிரண்டு வருஷம் குடித்தனம் செய்ய முடிந்ததே இந்தக் குணத்தால்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கெசீனா தேநீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். சூடு பட்டுக் கற்கண்டு கோப்பையில் படபடவென்று வெடித்தது. பாலாடை மேலே மேகம்போலப் பரவியது. மூன்று கோப்பை குடித்து முடிப்பதற்குள் அழுதுவிடலாமா என்று யோசித்தாள். நாளைக்கு ஆல்முத் பார்ப்பாள். மேலிருந்து கீழ்வரை பார்ப்பாள். பிறகு அந்த இரண்டு வார்த்தை. இந்தத் தடவை எண்பது பேர் முன்னால், பொய் சொன்னவள் என்ற பட்டத்தோடு. தனக்குத் தெரிந்த ஒரே வேலையை வைத்து ஒருத்தி தன்னைப் பன்னிரண்டு வருஷமாகக் கேலி செய்கிறாளே என்ற வேதனை அவளுக்கு உண்மையாகவே இருந்தது.

மூன்றாவது கோப்பையைக் கவிழ்த்து வைத்தபோது கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்குக் கை நன்றாக ஓடும். மறைக்க முடியாததை மறைப்பானேன் என்று, தொங்கலை அப்படியே சிறகு மாதிரி தூக்கி இடுப்பில் நிறுத்தினாள். மினுக்கலும் துளையும் இருந்த இடத்தில் ஒரு பெரிய பட்டன் தைத்தாள். அவ்வளவு பெரிய பட்டன் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. ரெம்மரின் ஓவர்கோட்டின் நடுப் பட்டன். கோட்டு கையில் இருக்கும்போதே இன்னொன்றும் தோன்றியது. அது ப்ரேமனில் வாங்கிய கோட்டு. உள்ளே துணிக்கடையின் முத்திரைத் துண்டு இருந்தது. அதையும் பிரித்துக் கவுனின் கழுத்தில் வைத்துத் தைத்தாள். ஆண்கள் உடை என்று அதில் எழுதியிருந்த கடைசி வரியை மட்டும் உள்ளே மடித்துவிட்டாள்.

சனிக்கிழமை விடுதி வாசலில் இம்கேவின் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊசியிலைத் தழையும் வெள்ளிக் காகித ரோஜாவுமாக வளைவு கட்டியிருந்தார்கள். ரெம்மர் பச்சைச் சட்டையும், நடுவில் திறந்து கிடந்த ஓவர்கோட்டுமாக வந்தான். கெசீனா கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். நாலைந்து தலை திரும்பியது. பார்வையெல்லாம் இடுப்பில் வந்து நின்றது. 

இம்கே ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பிறகு, "அக்கம்பக்கத்துக்காரங்களையெல்லாம் தெரியுமில்ல? வளைவுல அந்த ரோஜா பூராவும் டியாடென் அம்மா செஞ்சது" என்றாள்.

கெசீனா சட்டென்று மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். டியாடென் அம்மாவின் கடைச் சந்தில்தான் இம்கேவின் வீடும் இருக்கிறது என்பதை இத்தனை நாள் அவள் நினைத்தே பார்க்கவில்லை. ஜன்னலோர மேஜையில், கம்பளிச் சால்வை போர்த்திக்கொண்டு, பிராந்தியில் ஊறிய திராட்சையைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டபடி அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை இந்தப் பக்கம் பார்த்து, அந்தக் கடல்பச்சை நம்ம கடைத் துணிதானே என்றால் போதும், ப்ரேமன் போயிற்று. கெசீனா ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

அப்போதுதான் ஆல்முத் உள்ளே வந்தாள்.

ஒயின்சிவப்பு நிறக் கவுன். முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றி வந்திருந்தது. இடது இடுப்பில் ஒரு முழத் துணி சிறகுபோல நின்றது. அதில் வெள்ளி ரிப்பனால் ஒரு பூ முடிச்சு.

கெசீனா தன் சிறகைப் பார்த்தாள். ஆல்முத்தின் சிறகைப் பார்த்தாள். அதே இடம், அதே அளவு, அதே சாய்வு. அவள் நெஞ்சில் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்து விழுந்தது. அப்படியானால் இது தவறே இல்லை. ஹாம்பர்க் கடைகளில் இதுதான் இப்போது மோஸ்தர். டியாடென் அம்மா புதுமோஸ்தர் தெரிந்துதான் சிவப்புப் பென்சிலை அந்தப் பக்கம் திருப்பியிருக்கிறாள். அந்த அம்மாள் மேல் அவளுக்கு இன்னும் மரியாதை கூடியது.

ஆல்முத்தும் அவளைப் பார்த்துவிட்டாள். பார்வை மேலிருந்து தொடங்கியது. இடுப்பில் வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது. கீழே போகவே இல்லை. அந்த இரண்டு வார்த்தைக்காகக் கெசீனா காத்திருந்தாள். ஆல்முத்தின் வாய் திறந்து மூடியது. வார்த்தை வரவில்லை. அவள் மெல்லப் பின்வாங்கி எதிர்ப்பக்கத்துத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக கெசீனா சூப்பை ருசித்துச் சாப்பிட்டாள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து சிறகைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பக்கம் மட்டும் வைத்திருப்பதுதான் அழகு என்றாள் பாதிரியார் மனைவி. எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். ப்ரேமன் ஸ்டேஷனிலிருந்து இடப்பக்கம் என்றாள் கெசீனா. ஆல்முத்தைச் சுற்றியும் ஒரு கூட்டம் நின்றது. அங்கே ஹாம்பர்க் துறைமுகத்திலிருந்து வலப்பக்கம் என்று வழி சொல்லப்பட்டுக்கொண்டிருந்தது.

டியாடென் அம்மா எழுந்து நடக்க ஆரம்பித்ததும் கெசீனாவின் சந்தோஷத்துக்குச் சோதனை வந்தது. அந்த அம்மாள் கரண்டியை வைத்துவிட்டு ஒவ்வொரு மேஜையாகப் போய் நலம் விசாரித்துக்கொண்டே வந்தாள். அவள் வாத்தியக்காரர்கள் பக்கம் வந்தால் கெசீனா கேக் மேஜைப் பக்கம் போனாள். அவள் கேக் மேஜைக்கு வந்தால் கெசீனா வாசல் பக்கம் நகர்ந்தாள். விசித்திரம் என்னவென்றால், கெசீனா போன இடமெல்லாம் ஆல்முத்தும் வந்தாள். இரண்டு பேரும் இரண்டு சிறகோடு மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். தன் கவுனை எல்லோருக்கும் காட்டத்தான் ஆல்முத் இப்படி அலைகிறாள் என்று கெசீனா எண்ணினாள். வாத்தியக்காரர்கள் இது ஏதோ புது நடனம் என்று எண்ணி அதற்குத் தகுந்தமாதிரி வேகத்தைக் கூட்டினார்கள்.

மூன்றாவது சுற்றில் கெசீனா கோட்டுகள் மாட்டியிருந்த அறைக்குள் நுழைந்து, ரெம்மரின் ஓவர்கோட்டுக்குப் பின்னால் ஒளிந்தாள். அங்கே ஏற்கெனவே ஆள் இருந்தது.

"என்னக்கா, இங்க நிக்கிறீங்க?"

"சும்மா, காத்தாட வந்தேன்" என்றாள் ஆல்முத், எண்பது கோட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு. "நீ?"

"நானும் காத்தாடத்தான்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் காற்று வாங்கினார்கள். ஆல்முத் தொண்டையைச் செருமினாள்.

"ப்ரேமன்லயும் இதேதான் போடறாங்களா?"

"ஆமாக்கா. ஹாம்பர்க்ல?"

"வேற எதுவும் போடறதே இல்ல."

அதைச் சொன்னபோது ஆல்முத்தின் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி தெரிந்தது. அது எதற்கு என்று கெசீனாவுக்குப் புரியவில்லை. இருந்தாலும் இரண்டு பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தார்கள். அப்படி அவர்கள் சிரித்தது அதற்கு முன்பு எப்போதும் நடந்ததில்லை.

அந்த நேரத்தில் கோட்டுகளை விலக்கிக்கொண்டு இம்கேவின் தலை நுழைந்தது. வெள்ளிவிழாவுக்காக அவள் சூடியிருந்த வெள்ளிக் கிரீடம் ஒரு காதுப்பக்கம் சரிந்திருந்தது. "இங்க இருக்கீங்களா ரெண்டு பேரும்? போட்டோகிராபர் காத்துட்டிருக்காரு. என் தம்பி பொண்டாட்டிங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி கவுன்ல வந்திருக்காங்கன்னு ஊரே பேசுது. வாங்க, நடுவுல நான் நிக்கணும்."

மறுக்க முடியவில்லை. இரண்டு கையிலும் இரண்டு பேரைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மண்டபத்தின் நடுவில் நிறுத்தினாள் இம்கே. சிறகு நன்றாகத் தெரியட்டும், கையால் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள் என்றார் போட்டோகிராபர். இரண்டு பேரும் தூக்கிப் பிடித்தார்கள். ரெம்மர் பெருமையோடு கை தட்டினான். விளக்கு பளிச்சென்று மின்னியது. எண்பது பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். இப்படி ஒரு அழகை இந்த ஊர் கண்டதே இல்லை என்று பாதிரியார் மனைவி எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னாள். கெசீனாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு டியாடென் அம்மா முன்னால் வந்தாள். சால்வைக்குள் துழாவி மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டாள். குனிந்து, முதலில் பச்சைச் சிறகை விரலால் தூக்கிப் பார்த்தாள். பிறகு சிவப்புச் சிறகைத் தூக்கிப் பார்த்தாள். நிமிர்ந்து, பெற்ற தாய்போல வருத்தத்தோடு தலையை ஆட்டினாள்.

"ஆல்முத் அம்மா, பன்னெண்டு வருஷமா சொல்றேன், நான் இரவல் குடுக்கற தாள்ல சிவப்புப் பென்சில் வைக்காதீங்கன்னு. இப்பப் பாருங்க, உங்களுக்கு அப்புறம் வாங்கிட்டுப் போன இந்தப் பொண்ணும் குண்டு ஆம்பளை அங்கியை இடுப்புல சேத்துத் தைச்சுக்கிட்டு வந்து நிக்குது."